பாலினம் என்னும் சொல்

ஸ்கேன் மையம் எதற்குள் நுழைந்தாலும் ஓர் அறிவிப்புப் பலகை கண்ணில் படும். கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவது குற்றம் என்று அது சொல்லும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கவேண்டிய பலகை. கல்லூரிக் கருத்தரங்கின் பதாகையிலும் ‘பாலினச் சமத்துவம்’ என்றுதான் இருக்கும். முதல் பாலினம் ஆங்கிலத்தில் செக்ஸ், இரண்டாவது ஜெண்டர். ஒன்று உடலைக் குறிக்கிறது. மற்றது அந்த உடலின் மேல் வீடும் ஊரும் ஏற்றி வைத்த விதிகளைக் குறிக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் பெண்ணியம் ஜெண்டர் என்ற சொல்லைக் கையில் எடுத்தது. பிரித்ததைத் தமிழில் நாம் மறுபடி ஒட்டிவிட்டோம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜெண்டர் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். நெடுங்காலம் இலக்கணத்தில்தான் அதற்கு முதன்மையான வேலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுப் பொருளைச் சுமந்துகொண்டு தாய்வீடு திரும்பியபோது தாய்வீட்டுக்கு அடையாளம் தெரியவில்லை. பிரெஞ்சில் ‘ழான்ர்’ என்றால் வகை, இலக்கிய வகை, இலக்கணப் பால். இதில் இன்னொரு பொருள் எதற்கு என்று பிரான்சின் கலைச்சொல் ஆணையம் 2005 ஜூலையில் அரசிதழிலேயே பரிந்துரை வெளியிட்டது. இருக்கும் சொற்களே போதும் என்பது அதன் வாதம். அதே 2005இல் ஜூடித் பட்லரின் ‘ஜெண்டர் ட்ரபிள்’ நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த சிந்தியா கிராவ்ஸ், தலைப்பிலேயே ழான்ரை வைத்தார். ஆணையம் தோற்றது என்றே சொல்லலாம். இன்று பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. சொல் கிடைக்கும் முன்பே கருத்தை சிமோன் த பொவ்வார் 1949இல் அதே மொழியில் எழுதிவிட்டார் என்பது தனி வேடிக்கை.

ழான்ருக்கு மிக நெருங்கிய உறவு நம் ‘பால்’. குடிக்கும் பாலை விட்டுவிடுவோம். பால் என்றால் பகுப்பு. குறளின் மூன்று பகுதிகளும் பால்; இலக்கணத்தின் ஆண், பெண், பலர், ஒன்று, பல என்ற ஐந்தும் பால். நூலையும் மனிதரையும் ஒரே சொல்லால் பகுத்த மொழி இது. பகுப்பு என்றால் பகுத்தவர் ஒருவர் இருக்கவேண்டும் அல்லவா? அந்தக் கேள்வி பாலுக்குள் கேட்கிறது. ‘இனம்’ ஒட்டியதும் அடங்கிவிடுகிறது. மாட்டினம், பறவையினம் என்று பிறப்பால் முடிந்துபோனதைச் சொல்லும் சொல் அது. ஜெண்டரின் லத்தீன் வேருக்கு இனம் சரியாகப் பொருந்தும் என்பார்கள். பொருந்தட்டும், வேரைப் பெயர்ப்பதல்ல நம் வேலை, வாதத்தைப் பெயர்ப்பது.

ஈழத்துப் பெண்ணிய எழுத்தில் இதற்குப் ‘பால்நிலை’ என்பார்கள். நிலை என்றால் நிற்கும் இடம். இடம் மாறலாம், மாற்றலாம். இந்த ஒரு சொல்லில் அவர்கள் நம்மைவிட நன்றாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பேன். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு, பால்புதுமையினர் தொடர்பான சொற்களைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. மரியாதையான சொல் வேண்டும் என்று போராடியவர்களால் வந்த பட்டியல் அது. பெண்கள் நாம் ‘பாலினம்’ குறித்து அப்படி ஒரு சண்டை போடவில்லை.

போட்டிருக்க வேண்டும், குறிப்பாகத் தேனியில். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவடைந்த மாவட்டங்களில் தேனியும் ஒன்று. அதைப் பற்றிய பேச்செல்லாம் ‘பாலின விகிதம்’ என்றே நடக்கும். எண்ணப்படுவது குழந்தையின் பால். அவள் வேண்டாதவளாகக் காரணமான நகை, செய்முறை, நிலத்தின் வாரிசு, கொள்ளி வைக்க மகன் எல்லாம் பால்நிலை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் காரணமும் அந்தப் பிஞ்சு உடலுக்குள்ளேயே இருப்பதுபோல் ஆகிறது. “பொட்டப்புள்ளயாப் பொறந்துருச்சே” என்ற பெருமூச்சைத்தான் அறிக்கைத் தமிழில் மறுபடி எழுதுகிறோம்.

பள்ளத்தாக்கின் பேச்சில் இந்த வேறுபாடு இல்லாமலில்லை. விடியுமுன் ஜீப்பேறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ‘ஆம்பளச் சம்பளம், பொம்பளச் சம்பளம்’ என்றால் என்ன என்று யாரும் விளக்கவேண்டாம். மருந்தடிப்பது ஒரு கூலி, களையெடுப்பது ஒரு கூலி. வேலைக்கே பால் ஒட்டியிருக்கிறது. இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. இதே ஊர்ப்பேச்சில் அப்பாவுக்கு ‘வந்தாரு’ பெரும்பாலும் தவறாது. அம்மா மட்டும் ‘வந்துச்சு’. பிரியத்தில் சொல்வதுதான். ஆனாலும் உயர்திணைப் பெண்பாலுக்கு அஃறிணை விகுதி. இலக்கண வகுப்பில் இதை வழு என்று அடித்துவிட்டு நகர்வதைவிட, பால்நிலைக்குச் சான்றாக எடுத்துப் பேசினால் பாடம் உயிர்பெறும்.

அலுவலகங்களும் படிவங்களும் பாலினத்தை இனி விடாது என்று தெரியும். உடலைக் குறிக்க அது இருந்துவிட்டுப் போகட்டும். என் மாணவிகளிடம் ஜெண்டருக்குப் பால்நிலை என்றே எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் விடைத்தாளில் பழக்கத்தில் பாலினம் என்றே எழுதுகிறார்கள். மதிப்பெண் குறைப்பதில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புகிறேன்.