பறக்கும் தட்டும் மீன்பாடி வண்டியும்

வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்று சொல்லித் தருவதற்கு உலகெங்கும் புத்தகங்கள் இருக்கின்றன, பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி தெரியும். உள்ளே போனால் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே பாடம்தான். முதுகுப்பை ஒன்றைக் கட்டித் தயாராக வை. மூன்று நாளுக்குத் தண்ணீரும் தீனியும் சேர்த்துக்கொள். செய்தி வந்த மறுநிமிடம் நகரத்தை விட்டுக் கிளம்பு, காட்டுக்குப் போ. குச்சியைக் கடைந்து தீ மூட்டு, தார்ப்பாயில் குடில் கட்டு, கண்ணி வைத்து முயல் பிடி, யார் கண்ணிலும் படாமல் இரு. பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்த ஜான் வைஸ்மன் 1986-ல் எழுதிய கையேடு இந்தப் பாடத்தின் மூலநூல்களில் ஒன்று. நம் வீடுகளுக்கு இது டிவி வழியாக வந்தது. காட்டில் பிழைத்துக் காட்டும் பேர் கிரில்ஸோடு ரஜினிகாந்த் பந்திப்பூர் காட்டில் சுற்றிய நிகழ்ச்சி 2020 மார்ச் 23-ஆம் தேதி ஒளிபரப்பானது. மறுநாள் நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. காட்டில் பிழைப்பது எப்படி என்று தலைவர் காட்டிய கையோடு ரசிகர்கள் நாலு சுவருக்குள் அடைபட்டார்கள். அங்கே தேவைப்பட்டது வாடகை பாக்கியைச் சமாளிக்கும் வித்தை.

இந்தப் பாடத்தை வடசென்னையின் புளியந்தோப்பில் வைத்து எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரணம் சாதாரணமானது. விண்கலத்தில் வருகிறவனோ கப்பலில் வருகிறவனோ, சென்னையைத் தாக்க நினைப்பவன் முதலில் குறிவைப்பது வடக்கைத்தான். துறைமுகம், காசிமேடு, மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டு எல்லாம் இங்கேதான் வரிசையாக நிற்கின்றன. நடுவில் புளியந்தோப்பு. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், ஊடே ஓட்டேரி நல்லா, சுற்றிலும் தண்டவாளம். வெளியே போக வேண்டுமென்றால் பாலம் ஏற வேண்டும், இல்லையேல் சுரங்கப்பாதையில் இறங்க வேண்டும். நல்ல மழை பெய்தால் சுரங்கப்பாதையும் கிடையாது.

முதலில் இந்தப் பயிற்சியின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடலாம். எதிரி கற்பனையாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-ல் ‘ஜாம்பி வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று ஒரு பிரசாரம் நடத்தியது. பிணங்கள் எழுந்து வருவதற்குத் தயாரானவன் புயலுக்கும் தயாராகிவிடுவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது நம்மூருக்கும் பொருந்தும். தெருக் கூட்டத்தில் எழுந்து ‘மணலியில் பெரிய விபத்து நடந்தால்’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஆலையில் வேலை பார்ப்பவருக்குக் கோபம் வரும், கட்சிக்காரர் ஒருவர் பேச்சைத் திருப்புவார், நஷ்டஈடு பற்றிய சண்டையோடு கூட்டம் முடியும். பறக்கும் தட்டு என்று ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எல்லாரும் யோசிப்பார்கள். (தமிழ் சினிமாவில் முதலில் வந்த வேற்றுக்கிரகவாசிக்கு நம் நிலமே தேவைப்படவில்லை. 1963-ல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யில் அவர்கள் தூக்கிப் போக வந்தது ஒரு பாடகியை.)

இன்னொரு நல்லது, எதற்கு முதலிடம் என்ற வரிசை. காற்றில்லாமல் மூன்று நிமிடம், கடும் குளிரிலோ வெயிலிலோ ஒதுங்க இடமில்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீரில்லாமல் மூன்று நாள், சோறில்லாமல் மூன்று வாரம் என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். துல்லியமான விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பதற்றத்தில் அரிசி மூட்டை வாங்க ஓடுகிறவனை நிறுத்தி, முதலில் தண்ணீரைப் பிடி என்று சொல்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நாலு. இதைச் சொல்லித்தர வெளிநாட்டுக் கையேடு தேவையில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷத்தில், மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் வரிசை போட்ட பெண்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். எந்தக் குடம் குடிக்க, எது சமைக்க, அரிசி கழுவிய தண்ணீர் அடுத்து எதற்கு என்பதெல்லாம் அந்தச் சமையலறைகளில் ஏற்கெனவே முடிவான விஷயங்கள். ரேஷன் கார்டையும் ஆதாரையும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையையும் பாலிதீன் கவரில் சுற்றிப் பரண் மேல் வைக்கும் பழக்கமும் அப்படியே.

‘கிளம்பிப் போ’ என்ற இடத்துக்கு வரும்போதுதான் பாடம் இடறுகிறது. அது இந்த ஊரில் உண்மையாகவே இரண்டு முறை பரீட்சிக்கப்பட்டிருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. போர் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தும் நகரத்தில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. கேப்டன் முல்லர் அந்த வெளிச்சத்திலேயே குறி பார்த்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தினார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டில் மறைந்தது. அடுத்து வந்த நாட்களில் ஊரை விட்டு ஓடியவர்கள் ஏராளம். எம்டனோ திரும்ப வரவேயில்லை.

1942-ல் விஷயம் இன்னும் தீவிரம். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அறிவித்தார்கள். உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது, அரசு அலுவலகங்கள் உள்மாவட்ட ஊர்களுக்குச் சிதறின. ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் அப்போதிருந்த மிருகக்காட்சிசாலையில் ஒரு வேலை மிச்சமிருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, மலபார் சிறப்புப் போலீஸை விட்டு சிங்கம், புலி, சிறுத்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவில்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. சென்னைப் பக்கத்து ஜப்பானியப் படையெடுப்பில் நிச்சயமாகச் செத்தவை அந்தக் கூண்டு மிருகங்கள்தான்.

1942 ஏப்ரலில் யார் போனார்கள் என்று பார்க்க வேண்டும். சொந்த ஊரில் வீடும் நிலமும் இருந்தவர்கள், மாமனார் வீடு இருந்தவர்கள், மாதச் சம்பளம் எங்கே இருந்தாலும் வந்து சேரும் உத்தியோகஸ்தர்கள். புளியந்தோப்பைச் சுற்றியிருந்த சேரிகளில் பலருக்குப் பக்கிங்காம் கர்நாடிக் பஞ்சாலைதான் ஊர். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. உயிர் பிழைக்கும் கையேடுகள் ‘கிளம்பு’ என்று எழுதும்போது, போய்ச் சேர ஓர் இடமும், வழிச்செலவுக்குக் காசும், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற நம்பிக்கையும் வாசகரிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகின்றன. இது அந்தப் பாடத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டை கிடையாது. அஸ்திவாரமே அதுதான்.

சரி, கிளம்பியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காட்டுக்கு? பக்கத்தில் இருப்பது கிண்டி தேசியப் பூங்கா, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்புப்படி பழைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 46 லட்சம் பேர். ஆளுக்கொரு கண்ணி வைத்தால் அன்று மதியத்துக்குள் மான் தீர்ந்துவிடும். ஒற்றை ஆள் ஒளிந்து பிழைப்பதற்கான வித்தை, ஊரே கையாண்டால் வித்தையாக இருக்காது. ஈழத்தில் இதற்கு உண்மையான சாட்சியம் உண்டு. 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நடந்தார்கள். அவர்களில் பெரும் பகுதி பிறகு வன்னிக்குப் போய்ச் சேர்ந்தது. காடு அவர்களுக்கு நிழல் தந்தது. கூடவே மலேரியாவும் பாம்புக்கடியும் தந்தது.

காட்டு அறிவைப் பற்றி இன்னொரு சங்கடமான விஷயம். இந்தப் பக்கத்தில் அதை உண்மையிலேயே கையில் வைத்திருப்பவர்கள் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்வார்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே இருளர்களைச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்த இடத்திலிருந்து அதிகாரிகள் திரும்பத் திரும்ப மீட்டிருக்கிறார்கள். எலி வளையை மோப்பம் பிடிக்கும் அறிவு, முன்பணம் கொடுத்து ஆளை மடக்குகிறவனிடமிருந்து காப்பாற்றவில்லை. இரண்டு நாள் முகாமில் குச்சி கடைந்து பழகியவர் அதைவிடப் பாதுகாப்பாக இருப்பார் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

எச்.ஜி.வெல்ஸ் இந்த ஆளை 1898-லேயே பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிரகத்தார் லண்டனை அழிக்கும் அவருடைய நாவலில் ஒரு பீரங்கிப்படை வீரன் வருகிறான். பாதாளச் சாக்கடைகளில் ஒரு புது சமூகத்தையே உருவாக்கப் போவதாகச் சொல்கிறான். வலுவானவர்களை மட்டும் சேர்ப்பானாம், நோஞ்சான்களுக்கு இடமில்லையாம். அந்த மகா திட்டத்துக்காக அவன் ஒரு வாரம் தோண்டியிருந்த பள்ளம், கதைசொல்லி ஒரே நாளில் தோண்டிவிடக்கூடிய அளவு. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு சாம்பெய்ன் குடித்துச் சீட்டாட உட்கார்ந்துவிடுகிறான். கடைசியில் எதிரியை வீழ்த்துவதும் எந்த வீரனும் இல்லை, கிருமிகள். இன்றைய முகாம்களில் நான் காணும் பெரிய கோளாறும் அந்த வீரனிடம் இருந்ததுதான். யாரை விட்டுவிடுவது என்பதில் அவர்களுக்கு இருக்கும் தெளிவு, எவ்வளவு தோண்ட வேண்டும் என்பதில் இருப்பதில்லை.

இனி இங்கே உண்மையில் வேலை செய்தது எது என்று பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தது. அந்த இடுப்பளவுத் தண்ணீரில் கர்ப்பிணியையோ காய்ச்சல்காரரையோ கடத்த இந்தப் பகுதியின் முதல் வாகனம் மீன்பாடி வண்டி. மூன்று சக்கரம், முன்பக்கம் பலகைத் தட்டு, பின்னால் மிதிப்பவர். எஞ்சின் இருந்தால் நனைந்து நின்றுவிடும், ஆகவே இறங்கித் தள்ளுவார்கள். தட்டின் மேல் கட்டில் பலகையைப் போட்டு ஆளைப் படுக்கவைப்பதும், முன்னால் ஒருவர் கம்பால் தட்டித் தட்டிச் சாக்கடை மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவதும் கையேட்டில் இல்லாத வித்தைகள். 2015 வெள்ளத்தில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி நகரத்துக்குள் கொண்டுவந்ததும் இந்த வகைதான். அதே மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் மக்கையும் பக்கெட்டையும் வைத்து அதை அள்ளினார்கள். கையுறைகூடச் சரியாக இல்லாமல் அள்ளியதை வீரம் என்று கொண்டாட என்னால் முடியாது. அங்கே தேவைப்பட்டது கருவி, அது நேரத்துக்கு வரவில்லை.

அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலிலும் மூச்சுத் திணறலிலும் விழித்துக் கிடைத்த வண்டியில் ஓடினார்கள். ‘ஓடு’ என்ற பாடம் இங்கே சரி. ஆனால் எந்தப் பக்கம்? காற்று போகும் திசையில் ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் கொஞ்சம் தாங்கும். இந்த இரண்டு வாக்கியங்கள் காட்டில் முயல் பிடிக்கும் முழு அத்தியாயத்தைவிட வடசென்னைக்குப் பெறுமானம் உள்ளவை. பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தை நம்பாதே என்று அந்தக் கையேடுகள் சொல்வதை முழுப் பொய் என்று தள்ள புளியந்தோப்புக்கு உரிமை இல்லை. 1921-ல் அந்தப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நீண்டு, ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியபோது, ஒரே ஆலையில் தோளோடு தோள் நின்றவர்கள் சாதியாகப் பிரிந்து மோதினார்கள். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வெள்ளத்தில் கூடுகிற கைகள் பஞ்சத்தில் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெருக்கடி மூன்று நாளில் முடிந்தால் ஊர் ஒன்றாக நிற்கும். மூன்று மாதம் இழுத்தால், யாருக்கு முதல் குடம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்த தெருதான் தாக்குப்பிடிக்கும்.

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது சென்னைத் துறைமுகமும் அதில் இடம்பெற்றது. துறைமுகத்துக்கு ஒத்திகை வேண்டியதுதான். அதேபோல் ஒன்று புளியந்தோப்பின் கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் நடக்க வேண்டும். சங்கு எத்தனை முறை ஊதினால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், எத்தனை முறை ஊதினால் வெளியேற வேண்டும்? மாடிக்கு மாடி தனியாக இருக்கும் முதியவர்கள் யார்? ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யார்? கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டால் மேல்மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்க எந்த நாலு பேர்? அந்த நாலு பேரில் இருவர் இரவு ஷிஃப்டுக்குப் போயிருந்தால் அடுத்து யார்?