குறத்தியின் குரலும் ஆலயத்தின் இருக்கையும்

திருச்சபையின் புதுப்பித்தலைக் குறித்து நம் மேடைகளில் பேசப்படும்போது இரு கருத்துகள் இணைபிரியாமல் வருகின்றன. ஒன்று, சபை இம்மண்ணுக்குரியதாக வேண்டும் என்பது. மற்றொன்று, சபை எல்லாரையும் ஏற்பதாக வேண்டும் என்பது. முன்னது நிறைவேறினால் பின்னது தானே வந்து சேரும் என்பது போன்றதோர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. மேலைநாட்டு இசையைக் குறைத்துத் தமிழ்ப் பண்ணில் பாடி, குத்துவிளக்கேற்றித் தரையில் அமர்ந்து வழிபட்டால், ஒதுக்கப்பட்டோர் உள்ளே வந்துவிடுவர் என்று கருதுகிறோம். இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியையும், அதனை இயற்றியவரின் வாழ்வையும் ஒருங்கே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த வழி இல்லை எனலாம்.

சாஸ்திரியாரை நம் சபைகள் அறியும். ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தின் வழியாகவே அறியும். குறவஞ்சியோ நூலகங்களில் உறங்குகிறது. இறையியல் மாணவர்கள்கூட அதன் பெயரைத் தேர்வுக்கு மனனம் செய்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

குறவஞ்சி என்னும் சிற்றிலக்கியத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. உலா வரும் தலைவனைக் கண்டு காதலுற்ற தலைவி வாடுவாள். மலைநாட்டுக் குறத்தி வந்து அவள் கையைப் பார்த்துக் குறி சொல்வாள். பின்னர்க் குறவன் பறவை பிடிக்க வந்து, தன் துணைவியைத் தேடி அலைவான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இவ்வகையின் சிகரம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் மீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பட்டது. அம்மன்னரும் சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு வடிவத்தை 1800-ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் எடுத்தார். பெத்லகேம் நாதரைத் தலைவராகவும், சீயோன் குமாரத்தியாகிய தேவமோகினியைத் தலைவியாகவும் வைத்தார். தேவமோகினி திருச்சபை. அவளிடம் வருகின்ற குறத்தி விசுவாசம். வலைவிரித்துப் பறவை பிடிப்போர், ஆத்துமாக்களைச் சேர்க்கும் உபதேசிமார்.

நூல் முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. மிஷனெரிமாரிடம் கற்ற பூகோளத்தையும், சூரியனை நடுவில் நிறுத்தும் புதிய வானநூலையும் ஆசிரியர் செய்யுளில் அடைக்கின்றார். அறிவு நாட்டத்தைப் போற்றுகிறோம். ஆனால் அவ்விடங்களில் கவிதை நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடுகிறது. குறத்தி வந்தவுடனேயே நூல் உயிர் பெறுகிறது. அவள் வருகையில் ஆழ்ந்ததோர் இறையியல் உண்டு. குறவஞ்சி வகையில் எப்போதும் உயர்குலத் தலைவியே கை நீட்டுகிறாள். வீடுவாசலற்று அலைகின்ற குறத்தியே அக்கையைப் பற்றி உண்மையை உரைக்கின்றாள். இந்தத் தலைகீழ் நிலையை மற்றப் புலவர்கள் வேடிக்கையாகக் கையாண்டனர். சாஸ்திரியாரோ அதனைத் திருச்சபையின் நிலையாகவே ஆக்கிவிட்டார். தன் மணவாளரை அறிய வேண்டுமாயின், சபை தன் மதிலுக்கு வெளியேயிருந்து வரும் ஒருத்தியிடம் கை நீட்ட வேண்டும். அவள் பெயரே விசுவாசம். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இத்துணைத் துணிவான உருவகம் பிறிதொன்று உளதோ என ஐயுறுகிறோம்.

இதனை எழுதிய கை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொன்றையும் எழுதிற்று. 1820-களின் இறுதியில், புதிதாக வந்த மிஷனெரிமாருக்கும் தஞ்சைச் சபையின் வேளாளக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. சாஸ்திரியார் தம் மக்களின் சார்பில் நின்று, மிஷனெரிமார் இழைத்த கொடுமைகள் என நான்கனை எடுத்துரைத்தார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. திருமணத்திலும் பண்டிகையிலும் பூக்களை விலக்கியது ஒன்று. ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களை நிறுத்தியது ஒன்று. பறையரோடு கலந்து அமரவும், ஒன்றாய்த் திருவிருந்தில் பங்குபெறவும் வற்புறுத்தியது மற்றொன்று. குறத்தியைத் திருச்சபையின் குருவாக்கிய கவிஞர், பறையர் தம் அருகே அமர்வதைக் கொடுமை என்றார்.

இப்பட்டியலை நம் காலத்து ஆய்வாளர்கள் இருவகையாகப் படிக்கின்றனர். தமிழ்ப் பண்பாட்டைக் காக்க எழுந்த முதற்குரல் என்பர் ஒரு சாரார். அவர்கள் நான்காவதனை விரைவாகக் கடந்துவிடுவர். சாதி வெறியின் ஆவணம் என்பர் மற்றொரு சாரார். அவர்களுக்கு முதல் மூன்றும் கண்ணிற் படுவதில்லை. நாம் கவனிக்க விரும்புவது, நான்கும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன என்பதையே. பூவும், பாட்டும், சாதியிருக்கையும் ஒரே பொருளின் உறுப்புகள் என மிஷனெரிமார் கருதினர். ஆகவே அனைத்தையும் ஒன்றாய்க் கூட்டித் தள்ள முயன்றனர். சாஸ்திரியாரும் அவ்வாறே கருதினார். ஆகவே அனைத்தையும் ஒன்றாய்த் தழுவிக்கொண்டார். எதிரெதிரே நின்ற இரு தரப்பாரும் அடிப்படையில் ஒத்த கருத்தினரே. பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபையினின்று முற்றாக அகற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையில் பலர் பிரிந்து சென்றதற்கு இக்குழப்பமும் ஒரு காரணம். தாங்கள் இழப்பது சாதியையா தமிழையா என்று அவர்களுக்கு எவரும் பிரித்துக் காட்டவில்லை.

எனினும் சாஸ்திரியார் தரப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. சாதி என்பது உலக ஆசாரமே அன்றிச் சமயம் அன்று என்றனர். ஐரோப்பியர் தமக்குள்ளே பிரபு என்றும் பணியாள் என்றும் வேறுபாடு காட்டவில்லையா என்று வினவினர். ஆங்கிலேயரின் நாட்டில் செல்வர் குடும்பங்கள் ஆலயத்தில் தனி இருக்கை பெற்றிருந்த காலம் அது. ஆதலின் வினா கூர்மையானதே. ஆனால் அது ஐரோப்பியரைக் குற்றவாளியாக்குமேயன்றித் தஞ்சையை விடுவிக்காது. யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரம் இருக்கையைப் பற்றியே பேசுகிறது. எவரை எங்கே அமர்த்துவது என்பது உலக ஆசாரம் என்று அந்நிருபம் விட்டுவிடவில்லை. விசுவாசத்தோடு நேரே சேர்த்தே அதனை விசாரிக்கிறது.

இப்பூசல் திடீரென முளைத்ததும் அன்று. தரங்கம்பாடி மிஷனில் 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் அரும்பாடுபட்டுச் சபையை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கனோ, பறையர் குலத்தவர் என்பதால், அவர் கையினின்று மேற்சாதியார் திருவிருந்தை ஏற்கார் என்னும் அச்சத்தினால் குருத்துவம் பெறாமலே போனார். சாதியை எதிர்த்த மிஷனெரிகள், இணங்கிப்போன மிஷனெரிகளின் பின்வந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் சாஸ்திரியாரைக் கைவிடுவதா? கவிஞர் வேறு, கவிதை வேறு என்று சமாதானம் சொல்வாரோடு நாம் உடன்படவில்லை. அவர் பாடல்களை நீக்க வேண்டும் என்பாரோடும் உடன்படவில்லை. பெத்லகேம் குறவஞ்சியைக் கூர்ந்து படித்தால், அந்நூலே தன் ஆசிரியருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஆனால் அச்சாட்சியை அவரே அடக்கிவிட வழியும் அதிலேயே இருந்தது. குறத்தி அங்கே உருவகம் மட்டுமே. விசுவாசம் என்று பெயரிட்டவுடன் அவள் குறத்தியாக இருப்பதை விட்டுவிடுகிறாள். அவளுடைய பசியும், காலில் தைத்த முள்ளும் மறைந்துபோகின்றன. அத்தகைய குறத்தியைப் போற்றுவோர், தெருவில் வரும் குறத்திக்கு வழிவிட வேண்டுவதில்லை. அவள் பெண் என்பதும் இவ்வாறே மறைந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறுவதற்கு 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. 2013-இல்தான் நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார்.

உருவகத்தினின்று ஆளை மீட்க முயன்றவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்னும் பெயரால் மாணவர் அறிந்த இவர், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்தார். சாஸ்திரியாரும் குறவஞ்சி, கும்மி முதலிய வடிவங்களை எடுத்தாண்டவரே. ஆனால் அவர் அவற்றைப் புலவர் தமிழில் உயர்த்தினார். அப்பாவுவோ உழைப்பாளர் பேசும் பேச்சையே ஆண்டவரிடம் பேசவைத்தார். தீட்டு என ஒதுக்கப்பட்ட பறையைத் திருவிருந்தின் அருகே கொணர்ந்தார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை சாதி மேன்மையைச் சுமந்து வருகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதில் அவர் சற்று மிகைப்படுத்தினார் என்றே எண்ணுகிறோம். எழுத்தறியாத பாட்டிமார் தம் வாய்க்கேற்ப இராகத்தை வளைத்து, கீர்த்தனைகளைத் தமதாக்கிக்கொண்டதைக் கிராமச் சபைகளில் ஊழியம் செய்த எவரும் கேட்டிருப்பர். பாடல் ஆக்கியவர் கையிலேயே நின்றுவிடுவதில்லை. அன்றியும் அவருடைய பேச்சு வழக்கு எல்லா வட்டாரத்துக்கும் பொதுவன்று. நகரச் சபைகளில் சிலர் அதனைக் கேட்டுப் புன்னகைப்பதுண்டு. அப்புன்னகை மொழியைப் பற்றியதா, அம்மொழியைப் பேசுவோரைப் பற்றியதா என்பது வேறு கேள்வி.

ஆயினும் அப்பாவுவின் சாதனை இசையில் மட்டும் அடங்கவில்லை. ஒரே உலை என்னும் கிராமத்துச் சொல்லை அவர் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பவரே ஒரு குடும்பம்; பிரிந்தவர் உலையைப் பிரித்துக்கொள்வர். இராஜநாயக்கனுக்குக் குருத்துவம் கிட்டாததும், தஞ்சையில் இருக்கைகள் பிரிந்ததும் உலை பிரிந்த கதையே. பந்தியினின்று பேதுரு விலகியபோது பவுல் அந்தியோகியாவில் முகத்துக்கு நேராக எதிர்த்ததும் இதன்பொருட்டே அன்றோ. இருக்கையைச் சீர்திருத்துதல் ஒரு சுற்றறிக்கையால் இயலும். உலையோ, யார் சமைப்பது, யார் யார் வீட்டில் உண்பது, யார் யாருக்குப் பெண் கொடுப்பது என்று ஆலயத்தின் வாயிலைக் கடந்து வீடுவரை செல்லும்.

நவம்பர் மாதத்தில் தலித் விடுதலை ஞாயிறு இப்போது பல திருச்சபைகளில் ஆசரிக்கப்படுகிறது. அன்று பறை ஒலிக்கிறது. அப்பாவுவின் பாடல்களைப் பாடகர் குழு பயின்று வந்து பாடுகிறது. நாம் கண்ட சில இடங்களில், பொது உணவுக்குரிய பகுதியை மட்டும் நேரமின்மை கருதி விட்டுவிடுகின்றனர். மறுவாரம் பறை பண்டக அறைக்குத் திரும்பிவிடுகிறது.