யார் கூப்பிட்ட குரல்?

ஈஸ்டர் காலத்து நாலாம் ஞாயிறு வந்தால் கத்தோலிக்கக் கோயில்களில் தேவ அழைத்தல் பற்றித்தான் பிரசங்கம். 1964இல் போப் ஆறாம் பவுல் தொடங்கிவைத்த வழக்கம். எங்கள் தெருக் கோயிலிலும் வருசா வருசம் கேட்டிருக்கிறேன். கடவுள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்கிறார், அமைதியாக உட்கார்ந்து அந்தக் குரலைக் கண்டுகொள்ளுங்கள் என்பார் சாமியார். ஒருதடவை பூசை முடிந்து வரும்போது அம்மா சொன்னாள்: “நம்மள எங்க சாமி கூப்பிடுது? விடியக்காலம் கூப்பிடுறது காட்டுக்காரன்தான். அவன் கூப்பிட்டு நாம போகலன்னா அன்னிக்கு ஒல கொதிக்காது.”

அழைத்தல் என்பது கோயில் தமிழ். எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் கூப்பிடுவதும் கூப்பாடு போடுவதும்தான். இந்த இரண்டு தமிழுக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தை மனசில் வைத்துக்கொண்டு பாமாவின் ‘கருக்கு’ நூலை மறுபடியும் வாசித்தேன்.

1992இல் வந்த நூல். மடத்தை விட்டு வந்தவளின் கசப்பு என்று இதை ஒதுக்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நான் இதை தேவ அழைத்தலைப் பற்றி ஒரு தலித் பெண் நடத்திய விசாரணையாகவே வாசிக்கிறேன். ஏழை எளிய பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பித்தான் அவர் கன்னியர் மடத்துக்குள் போகிறார். சில சபைகளில் நம் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள் என்ற பேச்சு பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. உள்ளே பார்த்தால் வசதியான வாழ்க்கை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடம். ஏழ்மை என்பது வார்த்தைப்பாட்டில் மட்டும். கீழ்ப்படிதல் மட்டும் நிஜமாகக் கேட்கப்படுகிறது. சுமார் ஏழு வருசம் கழித்து வெளியேறுகிறார். அழைத்தலை இழந்துவிட்டார் என்கிறது கோயில் தமிழ். முதலில் கேட்ட குரலுக்கு உண்மையாய் இருக்கத்தான் அவர் வெளியே வந்தார் என்கிறேன் நான்.

வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலின் கதை எல்லாருக்கும் தெரியும். ராத்திரியில் கடவுள் கூப்பிட, குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை அவரிடம் ஓடுகிறான். பிரசங்கத்தில் இதுவரைக்கும் சொல்வார்கள். கடவுள் அவனிடம் சொன்ன சேதி என்ன? ஏலியின் குடும்பம் செய்த அக்கிரமத்துக்கு வரப்போகிற தீர்ப்பு. குருவின் குரல் வேறு, கடவுளின் குரல் வேறு என்று பிரித்துக் கேட்டவுடன் முதலில் காதில் விழுந்தது குருபீடத்துக்கு எதிரான குற்றச்சாட்டு. ‘கருக்கு’ம் அதே சேதியைத்தான் கொண்டுவந்தது.

மோசேயின் கதையிலும் வரிசை முக்கியம். எகிப்தில் அடிமைப்பட்ட சனங்களின் கூப்பாடு முதலில் கடவுளின் காதுக்குப் போகிறது. அப்புறந்தான் மாமனாரின் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு அழைப்பு வருகிறது. கூப்பாடு இல்லாமல் அழைத்தல் இல்லை. நம் பிரசங்கங்கள் முன்பகுதியை வெட்டிவிட்டு, எரிகிற முட்செடியை மட்டும் காட்டுகின்றன.

அன்றாட வேலையே அழைத்தல் என்று இன்னொரு போதனை இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் சொன்னது. துறவியின் செபத்துக்கு நிகராகச் சாதாரண உழைப்பை உயர்த்தியது. நல்லதுதான். சாதி இருக்கிற ஊருக்கு வந்ததும் அதுவே குலத்தொழிலாக மாறிவிடுகிற ஆபத்து உண்டு. அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை (7:20) எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அடிமைக்கு விடுதலை கிடைக்குமானால் அதைப் பயன்படுத்திக்கொள் என்ற அர்த்தத்தில் பலரும் மொழிபெயர்க்கும் அடுத்த வசனத்தை எந்தச் சாமியாரும் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை.

‘கருக்கு’வில் வரும் பாட்டியை இங்கேதான் நினைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றுகிற மிச்சச் சோற்றை வாங்கிக்கொண்டு, முதலாளிமார்தான் நமக்குப் படியளக்கிறவர்கள் என்று நம்புகிறாள். காட்டுக்காரன் குரலே சாமியின் குரலாகப் போன நிலை அது. அந்தப் பாட்டி தனக்குள் என்ன கேட்டாள், எதை வேண்டிக்கொண்டாள் என்ற இடத்துக்கு நூல் முழுசாகப் போகவில்லை என்பது என் குறை. மடத்துக்குப் போனவளின் அழைத்தல் எழுதப்பட்டுவிட்டது. களையெடுக்கப் போனவளின் அழைத்தல் இன்னும் எழுதப்படவில்லை.

திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. பாமா எழுதி 24 வருசம் கழித்து! ஆகவே அழைத்தலைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் குரலுக்குள் யாருடைய கூப்பாடு கேட்கிறது? யாருடைய கூப்பாடும் கேட்கவில்லை என்றால், கூப்பிட்டது ஏலிதான். திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.