ஊவாப் பயணநூல்களும் எழுதப்படாத பயணமும்

ஊவாவைப் பற்றிய பயணநூல்களில் யாருடைய பயணம் இடம்பெறவில்லை என்பதே நாம் எழுப்பும் வினா. சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட நூல் இலங்கை மலைநாட்டின் வேட்டையையும் நிலக்காட்சிகளையும் வருணிக்கிறது. பின்வந்தோர் 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையையும் துன்கிந்த நீர்வீழ்ச்சியையும் வியந்தனர். தமிழகத்திலிருந்து கடல்கடந்து, காட்டுவழி நடந்து வந்து தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரின் பயணமோ பெரும்பாலும் வாய்மொழிப் பாடல்களிலேயே தங்கிற்று.

இதனை இலக்கியக் குறைபாடாக மட்டும் கொள்ளலாகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோரின் பிறப்புக்குச் சான்று கேட்டது. அம்மக்களை விலக்குவதே அதன் நோக்கம். ஏடின்மை அதற்குக் கருவியாயிற்று. வழித்தோன்றல்கள் நாடற்றோராயினர். ஆகவே, லயத்து முதியோரின் வாய்மொழியைத் தொகுத்து ஆராயாத பயண இலக்கிய வரலாறு அரைவரலாறே என்பது நமது துணிபு.