பூட்டும் வாசிப்பும்

வகுப்பறைக்குள் டேப்லெட் வந்தால் கல்வி உருப்படுமா நாசமாகுமா என்கிற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு அணியும் கருவியைப் பற்றியே பேசுகின்றன; அதன் பூட்டு யார் கையில் என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியை அப்பட்டமாக்கியது லாஸ் ஏஞ்சலிஸ்.

2013இல் அந்நகரப் பள்ளி நிர்வாகம், ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஐபேட் என்றது. இணைய வசதியும் சேர்த்துத் திட்டத்தின் மதிப்பு சுமார் 130 கோடி டாலர். கருவி ஆப்பிளுடையது, பாடம் பியர்சனுடையது, அதுவும் முழுசாகத் தயாராகாதது. பணம்? பள்ளிக் கட்டடங்களுக்கென மக்கள் வாக்களித்து அனுமதித்த கடன் பத்திரங்களிலிருந்து. சில வருஷத்தில் பழசாகிவிடும் சாமானுக்கு ஒரு தலைமுறை வட்டி கட்டணும். பெரும்பான்மையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் என்பதால், எல்லாம் சமத்துவம் என்ற சொல்லாடலுக்குள் நடந்தது.

கருவி கைக்கு வந்த சில வாரங்களில், ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உட்பட மூன்று பள்ளிகளில் சுமார் 300 பேர் அதன் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அமைப்புகளுக்குள் போய்த் தங்கள் பெயரிலிருந்த கட்டுப்பாட்டு விவரக்கோப்பை அழித்தார்கள், அவ்வளவுதான். முகநூலும் யூடியூபும் திறந்துகொண்டன. பதறிப்போன நிர்வாகம், கருவியை வீட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது. பிள்ளைகளுக்கு 'ஹேக்கர்' பட்டம்.

ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தண்டனை பற்றிய நூலில், பள்ளித் தேர்வைக் கண்காணிப்பும் தீர்ப்பும் ஒன்றுசேரும் சடங்காகக் காட்டினார். தேர்வாவது வருஷத்தில் சில நாள். டேப்லெட்டில் ஒவ்வொரு தொடுகையும் பதிவாக முடியும். புத்தகத்தை மாணவி வாசித்தாள். இது மாணவியை வாசிக்கிறது. சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கலாம், புத்தக ஓரத்தில் வாத்தியாருக்கு மீசை வரையலாம். பூட்டிய திரையில் கிறுக்க ஓரமே இல்லை. ஆகவே அந்த 300 பேர் செய்ததை வாசிப்பு என்றே சொல்வேன். தங்களுக்குத் தரப்பட்ட பிரதி எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கலகம் என்று உடனே கொண்டாடிவிடவும் முடியாது. பூட்டை உடைத்துப் போய்ச் சேர்ந்த இடம் முகநூல். அது இன்னும் கூர்மையாக வாசிக்கிற எந்திரம். ஒரு நிறுவனத்தின் பட்டியிலிருந்து இன்னொன்றின் சந்தைக்கு. இந்த இரண்டு பூட்டும் எப்படி வேலை செய்யுது, யாருக்கு லாபம் என்பதே அந்த வாரத்துக்குச் சரியான பாடம். நிர்வாகத்துக்குத் தெரிந்த பதிலோ தடை மட்டும்.

2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. டெண்டருக்கு முன்பே அதிகாரிகளும் இரு நிறுவனங்களும் பேசிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியாகியிருந்தன. தலைமைக் கண்காணிப்பாளர் ஜான் டீசி அக்டோபரில் விலகினார். பிள்ளைகளின் பூட்டைப் பற்றிப் பதறியவர்கள், மேலே எது பூட்டியிருந்தது என்று பிறகுதான் பார்த்தார்கள்.

'எல்லாருக்கும் கருவி' என்ற கோரிக்கையில் நானும் நிற்கிறேன். ஆனால் அது பாதிக் கோரிக்கை. திறந்து பார்க்கவும் அழிக்கவும் மாற்றவும் உரிமை வேணும் என்பது மறுபாதி. இதை விட்டுவிட்டு வாங்குகிற சமத்துவம், ஏழைப் பிள்ளையை இன்னொரு பதிவேட்டில் சேர்ப்பதோடு நின்றுவிடும்.