பித்தளையில் செய்த மூச்சு

தங்கை மகன் நண்பர்களிடம் இரவல் வாங்கிவந்த இரண்டு ஸ்கூபா டைவிங் ரெகுலேட்டர் செட்டுகளைச் சமையலறை மேஜைமேல் பரப்பினான். கறுப்புக் குழாய்கள் நாலாபக்கமும் சரிந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, கேஸ் ரெகுலேட்டரா? ரெண்டு எதுக்கு?" என்றாள்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சரித்திரப்படி அம்மா சொன்னது சரி. 1942 கடைசியில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் ஒரு வால்வை, ஏர் லிக்கீட் நிறுவனத்துப் பொறியாளர் எமில் கான்யான் செய்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்டோ அவரிடம் போய், மனிதன் மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவி ஒன்று வேண்டும் என்றார். எஞ்சினுக்குப் பதில் நுரையீரல், அவ்வளவுதான் வேறுபாடு. 1943 தொடக்கத்தில் மார்ன் ஆற்றில் இறங்கிப் பார்த்தார்கள். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு வரவில்லை. காற்று வெளியேறும் வால்வும் உள்ளே வரும் வழியும் வேறுவேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கருவி பிடிபட்டது. அந்தக் கோடையிலேயே கூஸ்டோ மத்தியதரைக்கடலில் இறங்கிவிட்டார்.

மூச்சின் தேவைக்கேற்பக் காற்றை விடும் யோசனை கான்யானுக்கும் முந்தியது. 1860களிலேயே ரூக்கெரோல், தெனெரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அப்படியொரு கருவி செய்திருந்தார்கள். ஜூல் வெர்ன் தம் கடலடி நாவலில் அதைப் பெயர் சொல்லியே எழுதினார். இன்று நாம் கடிக்கும் வடிவமோ மெல்போர்ன்காரர் டெட் எல்ட்ரட் 1952இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதுகில் ஒரு பகுதி, வாயில் ஒரு பகுதி, நடுவே ஒற்றைக் குழாய்.

"சரித்திரம் இருக்கட்டும் மாமா, எதை வாங்க?" என்றான் பையன்.

பெங்களூரில் எங்கள் பேட்டைக்குக் காகிதத்தில் புலிகேசி நகர் என்று பெயர். வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் கதையில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் புலிகேசியின் பெயரில் கடிதம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். வாயில் வருவதென்னவோ பிரேசர் டவுன்தான். கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டரில் இருக்கிறோம். எந்தக் கடலுக்கும் ஓர் இரவுப் பயணம். முருதேஸ்வரத்துக்கு பஸ் ஏறினால் காலையில் படகு, அங்கிருந்து நேத்ராணித் தீவு. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. அந்தமானுக்கு விமானம். என் கணக்கில், கொஞ்சம் வெறி பிடித்தவன்கூட வருஷத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து நாள் தண்ணீருக்குள் போவான். மீதி 350 நாளும் ரெகுலேட்டர் பீரோவில் பழைய போர்வைக்குப் பக்கத்தில் தூங்கும். ஆகவே ஆழத்தைப் பற்றிய விளம்பர வாசகங்களை ஒதுக்கிவிட்டு, பீரோவில் நன்றாகத் தூங்கக்கூடியது எது என்று பார்க்கவேண்டும் என்றேன். அவனுக்கு ஏமாற்றம். கடைசி மாடலைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருந்தான்.

கொஞ்சம் உள்ளே போவோம். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. சிலிண்டர் தலையில் மாட்டும் குரோம் பூசிய பித்தளைக் குமிழ்தான் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். 200 பாரை அது சுற்றியுள்ள நீரழுத்தத்துக்கு மேல் ஒன்பது, பத்து பாராக இறக்கிக் குழாயில் விடும். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நம் மூச்சின் அளவுக்குக் குறைக்கும். உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தட்டு. நாம் இழுத்தால் அது உள்வாங்கி ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், வால்வு திறக்கும்; நிறுத்தினால் மூடும். பத்து மீட்டரில் காற்று இரண்டு மடங்கு அழுத்தத்திலும், இருபதில் மூன்று மடங்கிலும் வரும். அதனால் கையிருப்பும் அந்த வேகத்தில் கரையும். பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 2,400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்குக் கரையில் இரண்டு மணி நேரம். இருபது மீட்டரில் நாற்பது நிமிஷம். அதிலும் மேலே வருவதற்கென்று ஒதுக்கவேண்டியது தனி.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு குலங்கள்: பிஸ்டன், டயாஃப்ரம். பையன் கொண்டுவந்ததில் ஒன்று ஸ்கூபாப்ரோவின் எம்கே 2. அதைக் கையில் எடுத்தாலே எனக்கு மனசு இளகிவிடும். ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். அசையும் சமாச்சாரம் அவ்வளவே. அம்மியைப் போல, கெட்டுப்போக இடமில்லாத பொருள். சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சு லேசாகக் கனக்கும். பாலன்ஸ் செய்யாத வடிவமைப்பின் குறை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எனக்கு அது குறையாகப் பட்டதில்லை. பானை அடியில் தண்ணீர் குறையும்போது சொம்பு இடிக்கிற மாதிரி ஒரு தகவல். தகவல்தான், அழுத்தமானிக்கு மாற்று அல்ல.

மற்றது ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ் 50, இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிறந்த குடும்பம். பாலன்ஸ் செய்த டயாஃப்ரம், மேலே நீர் புகாத மூடி. சிலிண்டரில் 200 இருந்தாலும் 50 இருந்தாலும் மூச்சு ஒரே சீர். மூடியைக் குளிர்கடலுக்காகச் செய்தார்கள், உள்ளே பனி உறையாமலிருக்க. நம் கடல் 28 டிகிரி. இதில் என்ன பனி? ஆனால் அந்த மூடி நமக்கு வேறொரு வேலை செய்யும். எம்கே 2 மாதிரியான பிஸ்டனில் ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புநீர் நேரடியாகப் புகும். சரியாக அலசாவிட்டால் காய்ந்து படிகமாக உட்காரும். மாதக்கணக்கில் பீரோவில் கிடக்கும் கருவிக்கு அதுதான் எமன். மூடியுள்ள டயாஃப்ரத்தில் உப்பு வெளியிலேயே நின்றுவிடும்.

ஆக, என் ஆசை பிஸ்டன் பக்கம், சிபாரிசு டயாஃப்ரம் பக்கம். சொல்லும்போதே எனக்கு வருத்தமாக இருந்தது.

செகண்ட் ஸ்டேஜுக்கு வந்தால் காரணங்கள் பின்னே போய்விடும், ரசனை முன்னே வரும். நல்ல செகண்ட் ஸ்டேஜில் நாம் இழுக்கிறோம் என்ற நினைப்பே வராது. பாடகர் எடுப்பதற்குள் சுருதி காத்திருப்பதுபோல, மூச்சு ஏற்கெனவே அங்கே இருக்கும். சிலது இழுத்ததும் 'உஸ்' என்று தொண்டையில் மோதும். கடையில் உலர்ந்த காற்றில் அது வேகமான வண்டிபோல மயக்கும். தண்ணீருக்குள் பத்தாவது நிமிஷம் தொண்டை வறண்டு எரிச்சலூட்டும். வேறு சிலது கஞ்சன் கையிலிருந்து காசு வாங்குவதுபோல. வெளிமூச்சையும் கவனிக்கவேண்டும். கீழே புகைபோக்கி மாதிரி இருக்கும் பகுதி குறுகலாக இருந்தால் குமிழ்கள் நேராகக் கண்ணாடிமுன் ஏறும். அகலமாக இருந்தால் காதோரம் ஒதுங்கிப் போகும். மீன் பார்க்கப் போனவனுக்குத் தன் மூச்சே திரைச்சீலையாக வந்து நிற்பதில் என்ன சுகம்? ஸ்வீடன்காரர்களின் போஸைடன் சைக்ளான் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரம். குமிழைப் பக்கவாட்டில் விடும். அதில் பழகியவர்கள் வேறெதையும் வாயில் வைக்கமாட்டார்கள். பழகாதவர்களுக்குப் பிடிப்பதே இல்லை. முதல் செட்டாக வேண்டாம்.

அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. அன்று சிலிண்டர் இல்லை. அடுத்த வாரம் நீச்சல்குளத்துப் பயிற்சியில் பையனுக்குச் செய்து காட்டினேன். சிலிண்டரில் மாட்டித் திறந்து, செகண்ட் ஸ்டேஜை வாய்ப்பகுதி மேலே பார்க்க, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கவேண்டும். நீர் ரப்பர் தட்டை அமுக்கும். எந்த ஆழத்தில் காற்று சீறத் தொடங்குகிறதோ அதுதான் வால்வைத் திறக்க நாம் தரவேண்டிய விசை. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் என்றால் நல்ல கை வைத்த கருவி. விரலகலத்துக்குள்ளேயே சீறினால் அது தண்ணீரில் குதித்ததும் தானே கொட்டும். ஏபெக்ஸ் மூன்றில் சீறியது. எம்கே 2உடன் வந்த பழைய செகண்ட் ஸ்டேஜ் ஐந்துக்கும் கீழே போன பிறகுதான் வாயைத் திறந்தது. கருவியின் குற்றமல்ல; மூன்று வருஷமாக அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ரசிகர்கள் கவனிக்கத் தவறுவது இங்கேதான். ரெகுலேட்டரின் குணத்தில் பாதி செய்தவன் கையில், பாதி சர்வீஸ் செய்பவன் கையில். உள்ளே இருப்பவை ஓ-ரிங்குகள், ரப்பர் இருக்கைகள். பிரஷர் குக்கர் காஸ்கெட்டின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அவற்றுக்கு வயதாகும். அதனால் வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி: இந்த மாடலைத் திறக்கத் தெரிந்தவர் பெங்களூரிலோ, நான் போகிற கடற்கரையிலோ இருக்கிறாரா? உதிரிபாகம் அவரிடம் இருக்கிறதா? நான் வாங்கிய முதல் செட்டுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அது ஒரு பட்டறையில் எட்டு மாதம் கிடந்தது. ஒரு சீசன் முழுக்க வாடகை ரெகுலேட்டரைக் கடித்தேன். முன்னால் கடித்தவரின் பல்தடம் அதில் இருந்தது.

சிலிண்டரில் மாட்டும் வாய் இரண்டு வகை. யோக் என்பது இடுக்கிபோல மேலிருந்து கவ்வும். டின் என்பது மரையில் முறுக்கி உள்ளே போகும். டின் உறுதியானது, ஓ-ரிங் பிதுங்காது. ஆனால் நான் இறங்கிய நம் கடற்கரைகளில் எல்லாம் யோக் சிலிண்டரைத்தான் நீட்டினார்கள். டின் வாங்கி, யோக் அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

மஞ்சள் நிறத்தில் தொங்கும் உபரி வாய், ஆக்டோபஸ். முதல் செட் வாங்குகிறவர்கள் காசு மிச்சம் பிடிப்பது இதில்தான். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்க இறங்கியவர் கல்லின் கனத்தைத் துணைகொண்டு, ஒரே மூச்சில் போய் வருவார். தோணியில் கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்கவேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் தங்கையின் தாலிக்காகவாவது அவர் கயிற்றை விடமாட்டார் என்பது கணக்கு. இன்று கயிறும் இல்லை, மச்சானும் இல்லை. பக்கத்தில் நீந்துபவனின் ஆக்டோபஸ்தான் இருக்கிறது. காற்றுத் தீர்ந்து பதறியவன் வாயில் போகப்போவது அது. அவன் இழுக்கும் இழுப்பு நிதானமானதாக இருக்காது. அதற்கு மட்டமான கருவி போதும் என்பது விருந்தாளிக்குப் பழைய சோறு போடுவது.

அழுத்தமானி சாதாரண பித்தளை டயல் போதும். டைவ் கம்ப்யூட்டரை அதோடு கட்டாமல் மணிக்கட்டில் தனியாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது, மூழ்கிய பின் எப்போது மலை ஏறலாம் என்று கணக்குப் பார்க்கவும் உதவும். நேத்ராணியில் மதியம் மூழ்கிவிட்டு அன்றிரவே பஸ் ஏறினால், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி 900 மீட்டர் உயரத்தில் விடியும். உடம்பில் கரைந்த நைட்ரஜனுக்கு அது பாதி விமானம் ஏறுவதுபோல. ஒரு நாள் கடற்கரையில் சும்மா உட்கார்ந்து, கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தூசி மூடியை இறுக்கி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வால்வைத் திறக்கும் பர்ஜ் பட்டனைத் தொடாமல் அலசி, நிழலில் தொங்கவிடவேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பைக் கழுவிச் சுண்ணாம்பைப் பூசியதாகும். காவிரி வருகிற நேரத்தில் ஒரு பக்கெட் பிடித்துவைத்தால் போதும். அம்மா இதற்கு முணுமுணுப்பாள். அப்புறம் மாதம் ஒருமுறை, மூடியைக் கழற்றாமல் வாயில் வைத்து இழுத்துப் பார்க்கவேண்டும். ஒன்றும் வரக்கூடாது. கொஞ்சமாவது காற்று வந்தால் எங்கோ ரப்பர் விரிசல் விட்டிருக்கிறது.

பையன் மூன்று வாரம் யோசித்தான். கடைசியில் வாங்கியது நான் சொன்ன ஏபெக்ஸும் அல்ல, நான் ஆசைப்பட்ட எம்கே 2வும் அல்ல. மூடியுள்ள டயாஃப்ரத்தோடு ஒரு நடுத்தர அக்வாலங். காரணம் கேட்டேன். "வாயில வச்சா வச்ச மாதிரியே இல்ல மாமா" என்றான். தாடை வலிக்காத கருவி. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அக்டோபரில் முருதேஸ்வரம் பஸ்ஸில் ஏறும்போது, பையைக் கீழே டிக்கியில் போடச் சொன்னார் கண்டக்டர். துணிமணிப் பையைக் கொடுத்தான். என் பழைய லுங்கியில் சுற்றிய இன்னொன்றைத் தரவில்லை. விடியும்வரை அதை மடியில் வைத்தபடியே தூங்கினான்.