வீடு தேடி வரக்கூடாத ஒரு சிகிச்சை

அடிவயிற்றிலும் பிறப்புறுப்பிலும் மாதக்கணக்கில் தங்கிவிட்ட வலியைப் பிசியோதெரபி குறைக்குமா? குறைக்கும் என்றால், திண்டுக்கல் சமவெளியில் ஒரு பெண் அதை எப்படிப் பெறுவாள்? முதல் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது.

பிறப்புறுப்பின் வாயிலைத் தொட்டாலே எரிகிற வலியுள்ள 212 பெண்களிடம் மெலானி மொரான் குழுவினர் கனடாவில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு வாரம் ஒருமுறை, பத்து வாரம் பிசியோதெரபி. மற்றவர்களுக்கு இரவில் பூசும் லிடோகெய்ன் களிம்பு. வலி நன்றாகக் குறைந்தது என்று சொன்னவர்கள் முதல் குழுவில் 79 சதவீதம், இரண்டாவதில் 39.

இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒருவர் வாரந்தோறும் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டதே பாதி வலியைக் குறைத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கு வட அமெரிக்காவின் 11 மையங்களில் நடந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு பதில் தருகிறது. சிறுநீர்ப்பை வலியுள்ள 81 பெண்களில் இரு குழுவினருக்கும் கைச்சிகிச்சையே, கவனிப்பும் ஒரே அளவு. ஆனால் வலிக்கும் இடுப்புத்தளத் தசைகளைத் தேடித் தளர்த்திய குழுவில் 59 சதவீதத்தினர் தேறினார்கள். உடம்பு முழுக்கப் பொதுவாக மசாஜ் செய்த குழுவில் 26 சதவீதம்தான். ஆக, பரிவு மட்டுமல்ல, நுட்பமும் வேலை செய்கிறது. மாறாக, நரம்பு வலிக்கென்று எளிதாக எழுதித் தரப்படும் கபாபென்டின், நாட்பட்ட அடிவயிற்று வலியுள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் சோதிக்கப்பட்டபோது வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அந்த முடிவு வந்தது 2020இல்.

எல்லா அடிவயிற்று வலிக்கும் இது பொருந்தாது. தொற்று, காசநோய், எண்டோமெட்ரியோசிஸ் உண்டா என்று மகப்பேறு மருத்துவர் முதலில் பார்த்தாக வேண்டும். பிசியோதெரபி என்ற பெயரில் எல்லோருக்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கும் கெகல் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதும் தவறு. சிறுநீர் கசிகிறவருக்கு அது நல்லது. தசை எந்நேரமும் இறுகிக் கிடப்பவருக்கோ, மூடிய முஷ்டியை இன்னும் இறுக்கச் சொல்வது போலாகும். அவருக்கு முதலில் தேவை தளர்த்துவது.

இனி திண்டுக்கல். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம், பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பக்கவாதத்தில் படுத்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அத்திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த வலிக்கு வீடுதான் மிகப் பெரிய தடை. சின்னாளபட்டியில் தறி போட்ட வீட்டில் ஒரே கூடம், அதில் மாமியார், பிள்ளைகள். அங்கே ஒரு பெண் எதைச் சொல்வாள், எப்படிப் பரிசோதனைக்குப் படுப்பாள்? அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன வந்தது என்று தெருவே கேட்கும். ஆண்களுக்கும் இவ்வலி வருவதுண்டு. பேச ஓர் இடமில்லாததால்தான் சுவரொட்டி பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தை இழக்கிறார்கள்.

ஆகவே என் முடிவு இது: சிகிச்சை தகுதியானது, வீடு தேடிப் போகும் வழி இதற்குத் தகாதது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். இத்துறையில் தனிப்பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வேண்டும். டாக்டர் சௌந்தரம் தொடங்கிய காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பிரசவத்துக்குத் தலைமுறைகளாகப் பெண்கள் நம்பிப் போகும் இடம் அது. வேடசந்தூர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் பத்து வாரமும் அரைநாள் கூலி போனால் மூன்றாம் வாரமே வரமாட்டார். அதனால் மாலை நேரம் ஒதுக்கப்பட வேண்டும். மாவட்டச் சுகாதாரத் துறை இதை ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். எத்தனை பேர் பத்தாவது வாரம்வரை வந்தார்கள் என்று கணக்கெடுத்து வெளியிடட்டும்.